நாலு ஹிட், மூன்று பாட்டு: புதிரின் விடை தவறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் பாட்டுப் புதிருக்கு விடை வெளியிட்டிருந்தீர்கள். 1984, 1985 ஆண்டுகளில் மூன்று பேர் குரலில் மேல்நாட்டு ஹிட் வரிசையில் முதலிடம் பிடித்த ‘ஒரே பாட்டு’ எது என்று கேட்டு, ‘தி பவர் ஆஃப் லவ்’ என்று விடையும் போட்டீர்கள். தலைப்பு சரிதான். அது ஒரே பாட்டு என்பதுதான் தவறு. அவை மூன்றும் வெவ்வேறு பாட்டு. மெட்டு வேறு, வரிகள் வேறு, எழுதியவர்கள் வேறு. தலைப்பில் மட்டும்தான் ஒற்றுமை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். திருச்சி பொன்மலையில் பதினைந்து வருஷம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருகிற கடை. (அப்படிப் பதிந்து விற்பது சட்டப்படி குற்றம் என்று தெரிந்துகொள்வதற்குள் தொழிலே படுத்துவிட்டது. அதை இப்போது விட்டுவிடுவோம்.) ரயில்வே ஒர்க்‌ஷாப் காலனியில் அப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ஊரில் மற்ற கடைகளில் இங்கிலீஷ் பாட்டு கிடைக்காது. அதனால் அவர்களுக்கு என் கடைதான்.

உங்கள் விடைக்கு வருகிறேன். 1984 டிசம்பரில் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் வந்தது ‘ஃபிரான்கி கோஸ் டு ஹாலிவுட்’ குழு பாடியது. லிவர்பூல் பையன்கள். ஒரே வாரம்தான் இருந்தது. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பல பாடகர்கள் சேர்ந்து பாடிய ‘பேண்ட் எய்ட்’ பாட்டு வந்து அதை இறக்கிவிட்டது. 1985 ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது ஹ்யூயி லூயிஸும் அவருடைய ‘நியூஸ்’ குழுவும் பாடியது. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்துப் பாட்டு. டிரம்ஸும் கிட்டாரும் தூள் பறக்கும். அதே 1985 அக்டோபரில் பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறி ஐந்து வாரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தது ஜெனிஃபர் ரஷ் பாடியது. அந்த அம்மாள் நியூயார்க்கில் பிறந்தவர், பாட்டு பதிவானது ஜெர்மனியில். பிரிட்டனில் அந்த ஆண்டு அதிகம் விற்ற சிங்கிள், அதாவது தனிப் பாட்டாக விற்கும் ரெக்கார்டு, அதுதான். தனியாகப் பாடும் பெண் ஒருவரின் சிங்கிள் அங்கே பத்து லட்சம் தாண்டியதும் அதுதான் முதல் தடவை. அமெரிக்காவிலோ அதே பாட்டு 57-ஆம் இடத்தோடு நின்றுபோயிற்று.

ஒன்பது வருஷம் கழித்து கனடாவின் செலின் டியோன் பாடி 1994-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது ஜெனிஃபர் ரஷ்ஷின் பாட்டைத்தான். ஆக, ஒரே பேரில் நாலு ஹிட், ஆனால் பாட்டு மூன்று. உங்கள் கேள்வியில் ‘ஒரே பாட்டு’ என்பதை ‘ஒரே தலைப்பு’ என்று மாற்றியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

இது எனக்கு ஏன் இத்தனை மனப்பாடம் என்றால், இதே தலைப்பில் நானும் ஒருமுறை ஏமாந்தவன்.

1986 ஜனவரி. காலனியில் ஒரு ஆன்ட்டி மகள் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் சர்ச்சில் திருமணம் முடிந்து மாலையில் மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் தனியாக ஒரு பாட்டுக்கு ஆடுவார்கள். பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். “லண்டனில் இப்போ எல்லாக் கல்யாணத்திலும் இந்தப் பாட்டுதான்” என்று ஆன்ட்டியின் தங்கை அங்கிருந்து கடிதம் எழுதியிருந்தார். ஆன்ட்டி அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. கடிதத்தைப் பார்த்துத் தலைப்பை மட்டும் ஒரு வில்ஸ் அட்டையில் எழுதிக் கொண்டுவந்தார். என்னிடம் சென்னை பர்மா பஜாரில் வாங்கிய கேசட் ஒன்றில் அந்தத் தலைப்பு இருந்தது. ஹ்யூயி லூயிஸ். வேறு ஒன்று இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதிந்தேன். யாரும் தவறி அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துக் கொடுத்தேன். எனக்கும் அழைப்பு இருந்தது.

மாப்பிள்ளை பெண்ணின் இடுப்பில் கை வைத்து, பெண் தலையைச் சாய்த்து, விளக்கைக் கூடக் குறைத்தாயிற்று. கேசட்டைப் போட்டார்கள். பெண் திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்திய முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. இதற்கு எப்படி மெதுவாக ஆடுவது? நாலு அடி தடுமாறிவிட்டு மாப்பிள்ளை சுதாரித்துக்கொண்டு ஜைவ் ஆட ஆரம்பித்தார். கூட்டம் முழுக்கக் கைதட்டிக் கீழே இறங்கிவிட்டது. ‘லண்டன் கல்யாணம் இப்படித்தான் போல’ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்குப் பாராட்டு வேறு கிடைத்தது.

மார்ச்சில் தங்கையிடமிருந்து பார்சல் வந்தது. உள்ளே அசல் கேசட், ஜெனிஃபர் ரஷ். ஆன்ட்டி அதை என் கடை டெக்கிலேயே போட்டுக் கேட்டார். பாட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. “என்ன மேன், இப்படிப் பண்ணிட்டே?” என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் கடையில் ஒரு அட்டை தொங்கியது: பாட்டின் பெயரோடு பாடியவர் பெயரும் எழுதவும். கடையை மூடும்வரை அந்த அட்டையைக் கழற்றவில்லை.

நம் பாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதைக் கடையில் உட்கார்ந்துதான் கவனித்தேன். தமிழ்ப் பாட்டுக்குத் தனியாகத் தலைப்பு கிடையாது. முதல் வரியே பெயர். அதையும் சொன்னால் அடுத்த கேள்வி “எந்தப் படம்?” என்பதுதான். வெள்ளைக்காரர்கள் பாட்டுக்குத் தலைப்பு வைக்கிறார்கள், அதுவும் இரண்டு மூன்று சொல்லில். காதல், இரவு, ஹலோ, திங்கட்கிழமை என்று சுற்றிச் சுற்றி அதே சொற்கள்தானே வரும்? இருந்தாலும் நமக்கும் சில இடத்தில் இடறும். “எஸ்.பி.பி. பாடிய நிலாவே வா” என்று ஒருவர் சீட்டு நீட்டினால் “ஆயிரமா, ஆயிரம் இல்லாததா?” என்று கேட்பேன். 1969-ல் ‘அடிமைப்பெண்’ணில் ‘ஆயிரம் நிலவே வா’ என்று அழைத்தவர் அவர்தான். 1986-ல் ‘மௌன ராக’த்தில் ‘நிலாவே வா’ என்று அழைத்தவரும் அவரேதான். நடுவில் பதினேழு வருஷம். ‘நிலா பாட்டாகவே அறுபது நிமிஷம் போட்டுக் கொடுங்க’ என்று கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் கணக்குப் பார்த்து அடுக்குவதுதான் வித்தை. ஆகவே ஒரு சொல்லை வைத்துப் பாட்டு கோக்கும் உங்கள் புதிர் எனக்குப் பழைய சோறுதான். குறை சொல்ல எழுதவில்லை, புதிர் தொடர வேண்டும் என்றே எழுதுகிறேன்.

கேள்விக்குச் சரக்கு வேண்டுமானால் என் பழைய நோட்டில் இருக்கிறது. ‘வீனஸ்’ என்ற தலைப்பு அமெரிக்காவில் மூன்று முறை முதலிடம் வந்திருக்கிறது. 1959-ல் ஃபிரான்கி அவலான், 1970-ல் ஹாலந்து நாட்டு ‘ஷாக்கிங் ப்ளூ’, 1986-ல் லண்டன் பெண்கள் ‘பனானராமா’. இங்கே ஹிட் மூன்று, பாட்டு இரண்டு. பனானராமா பாடியது ஷாக்கிங் ப்ளூவின் பாட்டு, அவலானுடையது தனிப் பாட்டு. இதில் இன்னொரு வேடிக்கை. ஷாக்கிங் ப்ளூ பாட்டை எழுதியவர் தாளில் தேவி என்று பொருள்படும் ‘காடெஸ்’ என்பதை ‘காட்னெஸ்’ என்று எழுதிவிட்டாராம். பாடகி அதை அப்படியே பாடிவிட்டார். அந்தப் பிழையோடேயே பாட்டு முதலிடத்துக்குப் போயிற்று. பிழை போனால் போகட்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள், உங்கள் பிழை வேறு ரகம்.

ஃபிரான்கி என்ற பெயரை வைத்தே ஒரு கேள்வி செய்யலாம். 1984 முழுக்க பிரிட்டனில் ஃபிரான்கி குழுவின் பேச்சுதான். அடுத்த வருஷமே ‘சிஸ்டர் ஸ்லெட்ஜ்’ சகோதரிகள் ‘ஃபிரான்கி’ என்றே ஒரு பாட்டுப் பாடி அங்கே முதலிடம் பிடித்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஊர்ப் பெயர் வைத்த குழுக்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1986-ன் கடைசி. நவம்பரில் பிரிட்டனின் முதலிடத்தில் ‘பெர்லின்’ நாலு வாரம். டிசம்பர் 6-ஆம் தேதிப் பட்டியலில் அதை இறக்கியது ‘யூரோப்’. அந்தாதி மாதிரி இல்லை? ஒன்று முடிகிற இடத்தில் அதைவிடப் பெரியது தொடங்குகிறது. இதில் பெர்லின் குழு லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். யூரோப் ஸ்வீடன், அது பரவாயில்லை. ‘ஆசியா’, ‘ஜப்பான்’ இரண்டு குழுவிலும் இங்கிலாந்துக்காரர்கள். 1972-ல் அமெரிக்காவில் முதலிடம் வந்த ‘அமெரிக்கா’ குழு கூடத் தொடங்கியது லண்டனில்தான். அங்கே இருந்த அமெரிக்க விமானப்படைக்காரர்களின் பிள்ளைகள். பேரே இல்லாத ஒரு குதிரையைப் பற்றித்தான் அவர்கள் பாட்டு. நம் ஊரில் திருச்சி லோகநாதன் என்றால் திருச்சிக்காரர்தான். சீர்காழி என்றால் சீர்காழிதான். பேருக்கு முன்னால் ஊரைப் போடுவது நமக்கு முகவரி, அவர்களுக்கு அது அலங்காரம்.

திங்கட்கிழமையையும் விட்டுவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து ஓடுகிற ஊரில் அந்தப் பாட்டுகளுக்குத் தனி மவுசு. 1966-ல் ‘மன்டே மன்டே’ அமெரிக்காவில் முதலிடம். 1971-ல் கார்பென்டர்ஸ் அண்ணன் தங்கையின் ‘ரெய்னி டேஸ் அண்ட் மன்டேஸ்’ இரண்டாமிடம். 1986-ல் ‘பேங்கிள்ஸ்’ பெண்களின் ‘மேனிக் மன்டே’யும் இரண்டாமிடம்தான். அதை முதலிடத்துக்குப் போகவிடாமல் அமெரிக்காவில் மறித்தது ‘பிரின்ஸ்’ பாடிய ‘கிஸ்’. ‘மேனிக் மன்டே’யை வேறு பெயரில் எழுதிக் கொடுத்தவரும் அதே பிரின்ஸ்தான்! தான் வளர்த்த கடாவைத் தானே மறித்த கதை.

தலைப்பு ஒன்றாக இருந்தால் வழக்குப் போட முடியாதா என்று ஒரு வக்கீல் வாடிக்கையாளரிடம் அந்தக் காலத்தில் கேட்டேன். தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்றார். நம் உச்ச நீதிமன்றமும் 2015-ல் ஒரு இந்திப் படத் தலைப்பு வழக்கில் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. எனவே இந்தக் குழப்பம் ஓயப் போவதில்லை. போன மாதம் பேரனிடம் “லயனல் ரிச்சி பாடின ஹலோவைப் போடுடா” என்றேன். பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு செல்போனில் ‘ஹலோ’ என்று மட்டும் சொன்னான். அடெல் பாடினார். நான் கேட்டது 1984, வந்தது 2015. இரண்டும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் வந்தவைதான், ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லையே.

1984-ல் ‘பாயின்டர் சிஸ்டர்ஸ்’ என்ற சகோதரிகளுக்கு இருந்த புத்தி எல்லோருக்கும் இருந்தால் நல்லது. அவர்களிடம் ‘ஜம்ப்’ என்று ஒரு பாட்டு இருந்தது. அதே நேரம் ‘வான் ஹேலன்’ குழுவின் ‘ஜம்ப்’ ஐந்து வாரமாக முதலிடத்தில். ஜனங்கள் குழம்பக் கூடாதென்று தலைப்போடு ‘ஃபார் மை லவ்’ என்று சேர்த்தார்கள். மூன்றாமிடம் வரை வந்தது. உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். இனிமேல் புதிரில் பாட்டின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் பக்கத்தில் பாடியவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். ஒரு வரி கூடும். அந்தப் பக்கத்தில் மூட்டுவலித் தைல விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் தாராளம்.

கடைசியாக ஒரு விஷயம். இந்தப் புதிருக்கு என் மனைவி தபால் அட்டையில் விடை அனுப்பியிருந்தாள். ‘தலைப்பு பவர் ஆஃப் லவ், ஆனால் அது ஒரே பாட்டு இல்லை, மூன்று’ என்று விவரமாகவே எழுதியிருந்தாள். கடைக் கணக்கு நோட்டை எழுதியவளே அவள்தான். சரியான விடை எழுதிய பத்துப் பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பரிசாக அறிவித்த மூன்றடுக்கு டிபன் கேரியர் ஏதும் மிச்சம் இருந்தால் அனுப்பிவையுங்கள். முகவரி அந்த அட்டையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் கேசட் கடைக்காரன்,
பொன்மலை, திருச்சி.