அமைச்சர்கள் மாறும்போது பொறுப்பு யாரிடம் போகிறது?

பிரித்தானிய மக்களவையின் பொது நிர்வாக, அரசமைப்பு விவகாரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரசு இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்காணிக்கும் கடமை உங்கள் குழுவுக்கு உரியது என்பதால் இம்மடலைப் பிரதமருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அமைச்சர்களின் இலாகா மாற்றத்தை அரசியல் செய்தியாகவும், அரசு ஊழியர் ஆட்குறைப்பை நிதிச் செய்தியாகவும் தனித்தனியே படித்துப் பழகிவிட்டோம். ஆனால், ஒரு துறை தான் கொடுத்த வாக்கை நினைவில் வைத்திருந்து நிறைவேற்றும் ஆற்றலை இவ்விரண்டும் சேர்ந்தே அரிக்கின்றன. அந்த அரிப்பைத் தடுக்கும் பொறுப்பு இன்று எவரிடமும் இல்லை என்பதே என் முறையீடு.

வீட்டுவசதித் துறையையே எடுத்துக்கொள்கிறேன். 2010 மே மாதம் முதல் 2024 ஜூலை வரையிலான 14 ஆண்டுகளில் வீட்டுவசதி இணை அமைச்சர் பதவிக்கு 16 நியமனங்கள் நடந்தன. ஒருவர் சராசரியாக ஓராண்டுகூட அந்த நாற்காலியில் நீடிக்கவில்லை. 2022-இல் மட்டும் கிறிஸ்டோபர் பின்ச்சர், ஸ்டூவர்ட் ஆண்ட்ரூ, மார்கஸ் ஜோன்ஸ், லீ ரௌலி, லூசி பிரேசர் என ஐவர் அப்பொறுப்பில் இருந்தனர். அந்தத் துறையின் பெயரும் 2018-இல் ஒரு முறை, 2021-இல் ஒரு முறை, 2024-இல் மீண்டும் பழைய பெயருக்கே ஒரு முறை என மாறியது. வீடு கட்டத் திட்டமிடுவதற்கும் அனுமதி பெறுவதற்கும் கட்டி முடிப்பதற்கும் பல ஆண்டுகள் பிடிக்கும் ஒரு துறையில், தான் தொடங்கிய பணியின் விளைவைப் பதவியில் இருந்தபடியே கண்ட அமைச்சர் அநேகமாக எவரும் இல்லை.

இதன் விலை என்ன என்று கேட்போர் 2009 ஜூலை 3-க்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். தெற்கு லண்டன் கேம்பர்வெல்லில் உள்ள லகனால் ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் அன்று மூண்ட தீயில் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் இறந்தனர். மரண விசாரணையை நடத்திய அதிகாரி, தீப் பாதுகாப்புக்கான கட்டட விதிமுறை வழிகாட்டி சாதாரணமாகப் படிப்பவருக்கும் விளங்கும்படி திருத்தப்பட வேண்டும் என்று 2013 மார்ச்சில் துறை அமைச்சருக்கு எழுதினார். திருத்திய பதிப்பு 2016-17-இல் வரும் என்று பதில் சென்றது. அதற்குள் மார்க் பிரிஸ்க், கிறிஸ் ஹாப்கின்ஸ், பிராண்டன் லூயிஸ், கேவின் பார்வெல் என நால்வர் வீட்டுவசதி அமைச்சர்களாக இருந்து சென்றனர். கட்டட விதிகளுக்கான பொறுப்போ சில காலம் அவர்களிடமும் இல்லாமல் வேறு துணை அமைச்சர்களிடம் இருந்தது. தீப் பாதுகாப்புக்கான அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப எழுதியது. திருத்திய பதிப்பு வரவே இல்லை. 2017 ஜூன் பொதுத் தேர்தலில் பார்வெல் தம் தொகுதியை இழந்தார். அலோக் சர்மா புதிய அமைச்சராக ஜூன் 13 அன்று நியமிக்கப்பட்டார். மறுநாள் அதிகாலையில் லண்டனில் கிரென்பெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடம் எரிந்தது. 72 உயிர்கள் போயின.

அந்தத் தீக்கு இலாகா மாற்றமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை 2024 செப்டம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கை, எரியக்கூடிய தகடுகளையும் காப்புப் பொருள்களையும் விற்ற நிறுவனங்களின் நேர்மையின்மையை ஐயத்துக்கு இடமின்றிப் பதிவுசெய்திருக்கிறது. ஆனால் அதே அறிக்கை துறையையும் விட்டுவைக்கவில்லை. கட்டட விதிகளின் அன்றாடப் பொறுப்பு போதிய மேற்பார்வை இல்லாமல் ஒரே ஓர் அதிகாரியின் கையில் விடப்பட்டிருந்ததையும், அவர் அறிந்திருந்த ஆபத்துகள் மேலதிகாரிகளைச் சென்றடையாததையும் அது விரிவாகக் காட்டுகிறது. 2010-க்குப் பிந்தைய ஆட்குறைப்பு மிகக் கடுமையாக விழுந்த துறைகளுள் இதுவும் ஒன்று. மேலே அமைச்சர்கள் வந்து போய்க்கொண்டிருக்க, கீழே ஆள்கள் குறைந்துகொண்டே போனால், ஒரு நாட்டின் தீப் பாதுகாப்பு முழுவதும் தனி ஒருவரின் மேசையில் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

இலாகா மாற்றம் நடக்கும் விதத்தையும் கருதிப் பாருங்கள். அமைச்சரை நியமிப்பதும் நீக்குவதும் மன்னரின் பெயரால் பிரதமர் செலுத்தும் அதிகாரம். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை, காரணம் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. காலையில் டவுனிங் தெருவில் நடந்து சென்றவர் மாலையில் புதிய துறைக்கு வந்து சேர்வார். அங்கே அதிகாரிகள் முன்கூட்டியே தயாரித்து வைத்த தடித்த கோப்பு அவருக்காகக் காத்திருக்கும். அந்தக் கோப்பைத் தவிர, முன்னவர் பின்னவரிடம் முறைப்படி எதையும் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி கிடையாது. 2022-இல் கல்வித் துறை அந்த ஓர் ஆண்டிலேயே ஐந்து அமைச்சர்களைக் கண்டது; அவர்களுள் மிஷெல் டொனலன் இரண்டு நாள்கள்கூட நிறைவதற்குள் விலகினார். இது ஒரு கட்சியின் குறை மட்டுமன்று. 2025 செப்டம்பரில் தொழிற்கட்சி அரசின் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரெய்னர் விலகியதை அடுத்து நடந்த பெரிய மாற்றத்தில், தண்டனை விதிப்புச் சட்ட முன்வரைவு அவையில் அறிமுகமான அதே வாரத்தில் நீதித் துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் உள்துறைக்கு மாற்றப்பட்டார். வீட்டுவசதி அமைச்சர் மேத்யூ பென்னிகுக் அப்போது தம் பதவியிலேயே தொடர்ந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது நல்ல முடிவு.

அமைச்சர் மாறினாலும் துறையின் நினைவு அழியாமல் காப்பதற்கென்றே நிரந்தரக் குடிமைப் பணி உருவானது. தகுதித் தேர்வு வழியாக வந்து, ஆட்சி மாறினாலும் பணியில் நீடிக்கும் ஊழியர்கள் வேண்டும் என்று நார்த்கோட், ட்ரெவெல்யன் இருவரின் அறிக்கை 1854-இல் பரிந்துரைத்தது. அந்தப் பணியின் நடுநிலைக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டமே காவல் நிற்கிறது. ஆயினும் அண்மை ஆண்டுகளில் அதன் அளவு தீர்மானிக்கப்படும் முறை எனக்குக் கவலை தருகிறது. 2016-இல் ஏறத்தாழ 3 லட்சத்து 84 ஆயிரமாகக் குறைந்த ஊழியர் எண்ணிக்கை, பிரெக்சிட், கொரோனா ஆகிய இரு பெரும் சுமைகளால் மீண்டும் ஏறி, 2024-க்குள் 5 லட்சத்தைத் தாண்டியது. 91,000 பணியிடங்களை நீக்கப்போவதாக 2022 மே மாதத்தில் அரசு அறிவித்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2023-இல் ஆளெடுப்புக்கு உச்சவரம்பு வந்தது. 2025 மார்ச்சில் நிர்வாகச் செலவை இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 15 விழுக்காடு குறைப்போம் என்று நிதியமைச்சர் சொன்னார். எத்தனை பேர் என்பது ஒவ்வொரு முறையும் தலைப்புச் செய்தியாகிறது. போகிறவர் எதை அறிந்தவர் என்ற கேள்வி எழுவதே இல்லை. தாமாக விலக முன்வருவோருக்குப் பணம் கொடுத்து அனுப்பும் திட்டங்களில் நெடுங்கால அனுபவம் உள்ளவர்களே முதலில் வெளியேறுவதற்கு வாய்ப்பு அதிகம். எஞ்சியிருப்போருக்கோ, ஒரே பணியில் தேர்ச்சி பெறுவதற்கான படிப்படியான ஊதிய உயர்வு பெரும்பாலும் நின்றுவிட்டதால், இடம் மாறினால்தான் முன்னேற்றம் என்றாகிவிட்டது. அதிகாரிகள் அடிக்கடி இடம் மாறுவதை குடிமைப் பணியை ஆராய்ந்த புல்டன் குழு 1968-இலேயே கண்டித்தது என்பதை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

வேறு விதமாகவும் நடக்க முடியும். ஓய்வூதிய அமைச்சராக ஸ்டீவ் வெப் 2010 முதல் 2015 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்தார். முந்தைய தொழிற்கட்சி ஆட்சி 2008-இல் சட்டமாக்கிய, பணியாளர்கள் கேட்காமலேயே அவர்களை ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கும் ஏற்பாட்டை அவர் 2012 அக்டோபரில் தொடங்கிவைத்தார். பெரிய நிறுவனங்களில் தொடங்கிச் சிறியவற்றுக்குப் படிப்படியாக விரிந்த அத்திட்டத்தில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கட்சிகளின் கூட்டணி ஒப்பந்தமே அவரை அந்த இடத்தில் வைத்திருந்தது என்பது உண்மைதான். ஆனால் துறையை அறிந்த ஒருவரை விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதை அது காட்டிவிட்டது.

பிரதமரின் நியமன உரிமையைப் பறிக்குமாறு நான் கேட்கவில்லை. தவறு செய்த அமைச்சர் போகத்தான் வேண்டும். நான் கேட்பது ஒப்படைப்பு பற்றியது. பொது விசாரணைகளும் மரண விசாரணை அதிகாரிகளும் நாடாளுமன்றத் தெரிவுக் குழுக்களும் அளிக்கும் பரிந்துரைகளையும் அவற்றின் மீதான நடவடிக்கைகளையும் மக்கள் பார்க்கக்கூடிய பதிவேடாக அரசு பேண வேண்டும் என்று கிரென்பெல் விசாரணை பரிந்துரைத்திருக்கிறது. அப்பதிவேட்டில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே, பொறுப்பான அமைச்சரின் பெயரும் மூத்த அதிகாரியின் பதவியும், அவர்கள் பொறுப்பேற்ற நாளும் நீங்கிய நாளும் இடம்பெற வேண்டும் என்று உங்கள் குழு வலியுறுத்த வேண்டும். பதவி நீங்கும் அமைச்சர் நிறைவேறாமல் நிற்கும் வாக்குறுதிகளைக் குறித்து ஒப்படைப்புக் குறிப்பு எழுதிவைப்பதை அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளில் சேர்க்கப் பரிந்துரையுங்கள். ஆட்குறைப்பைத் தொடங்கும் முன், எந்தெந்தப் பணிகள் ஓரிருவரை மட்டுமே நம்பி நிற்கின்றன என்பதை ஒவ்வொரு துறையும் உங்களிடம் எழுத்து மூலம் தெரிவிக்கட்டும்.

வீட்டுவசதித் துறையின் நிரந்தரச் செயலாளர் அடுத்த முறை உங்கள் முன் சாட்சியமளிக்க வரும்போது, கட்டட விதிமுறை வழிகாட்டியை இன்று எத்தனை பேர் கவனிக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு காலமாக அப்பணியில் இருக்கிறார்கள் என்ற இரு கேள்விகளை முதலில் கேட்டு, பதிலை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
லண்டன் வாக்காளர் ஒருவர்