ஆண்டறிக்கை: பழைய ஸ்கூல் நோட்டும் நம்ம வேலையும்

எல்லாருக்கும் வணக்கம். அயர்லாந்துல டொனகால் பக்கம் நம்ம ஊர் வரலாற்றுச் சங்கம் இந்த வருஷமும் கூட்டம்லாம் ஒழுங்கா நடத்துச்சு, கணக்க பொருளாளர் தனியா வாசிப்பாரு, நான் நேரா நோட்டு படிக்கிற வேலைக்கு வந்துடறேன்.

புதுசா சேந்தவங்களுக்காக: 1935ல அரசாங்கம் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் ஆரம்பிச்சு, 1937லேந்து 26 கவுண்டியில, அதாவது மாவட்டத்துல, ஏறக்குறைய 5,000 ஸ்கூல்கள்ல படிச்ச பசங்கள தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவங்க கிட்ட கதை கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க. எல்லாம் 11லேந்து 14 வயசுப் பிள்ளைங்க. அந்த நோட்டெல்லாம் இப்ப டப்ளின் யூனிவர்சிட்டி காலேஜ்ல பத்திரமா இருக்கு, ஸ்கேன் பண்ணி நெட்லயும் போட்டுட்டாங்க.

எங்கள ரொம்ப இழுத்தது விளையாட்டுச் சாமான் பத்தின பக்கங்கதான். உதாரணமா விளையாட்டுத் துப்பாக்கி: எல்டர்ங்கற மரத்தோட குச்சிய ஒரு சாண் நீளம் வெட்டி உள்ள இருக்க வெள்ளைச் சோத்த கம்பியால தள்ளி எடுத்துட்டு, ரெண்டு முனையிலயும் ஈரப் பேப்பர அடைச்சு பின்னாலேந்து இன்னொரு குச்சிய விட்டு வேகமா தள்ளுனா உள்ள காத்து அமுங்கி முன்னால இருக்க உருண்டை டப்புனு பறக்கும், நம்ம பசங்கள வச்சு செஞ்சு பாத்தோம், வேலியோரக் குச்சியே போதும், கடைக்குப் போகவே வேணாம். நூல்கட்டைய ரெண்டா அறுத்து பம்பரம், கந்தல் துணில பொம்மை, கோரைப்புல்லுல கிலுகிலுப்பை, எல்லாமே காசில்லாம.

காசு ஏன் இல்லேனு அதே நோட்டுல வேற தலைப்புல இருக்கு: நிலச்சுவான்தார். 1861 ஏப்ரல்ல நம்ம டொனகால்ல இருக்க டெர்ரிவேல ஜான் ஜார்ஜ் அடேர்ங்கற நிலச்சுவான்தார் 47 குடும்பம், 244 பேர வீட்ட விட்டுத் துரத்துனாரு, திரும்பி வரக்கூடாதுனு பல வீட்ட இடிச்சே போட்டாங்க. 1937ல 80 வயசானவங்க அப்ப 4 வயசுக் குழந்தைங்க, அவங்க பாத்தது, அம்மா அப்பா சொன்னது எல்லாம் பேரப்பிள்ளைங்க கையெழுத்துல வரமுடிஞ்சது, இன்னும் பத்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தா யாருகிட்ட கேக்குறது? அடேர் பிறகு கட்டுன கிளென்வே கோட்டைய பாக்க ஊர்ப்பட்ட பேர் வர்றாங்க, வரட்டும், ஆனா துரத்துன குடும்பங்களோட பேரும் எந்த வாசல் எங்க இருந்துச்சுன்றதும் நம்ம பிள்ளைங்க வாயில வரணும், என் மனசுல இருக்கறது இதுதான்.

அதனால அடுத்த வருஷம் டவுன்லேண்ட் (இங்க நிலத்தப் பிரிக்கிற சின்னப் பகுதி) வாரியா இடிஞ்ச சுவருங்கள பெரியவங்களோட நடந்து பாத்து குறிக்கலாம்னு கமிட்டி முடிவு. பழைய ஐரிஷ் எழுத்துல இருக்க நோட்டு நிறைய பாக்கி கிடக்கு, அத படிக்கத் தெரிஞ்சவங்க வீட்ல யாரு இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, நானே வந்து பாக்கறேன்.

செயலாளர்