சோரன்சன் கட்டுரைக்குத் துணை நின்றோர்க்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்கு உரைகள் எழுதித் தந்தவரும், பின்னாளில் தம் பெயரிலேயே செனட் தேர்தல் களத்தில் இறங்கியவருமான தியோடர் சோரன்சனைப் பற்றிய என் நெடுங்கட்டுரை அச்சேறிவிட்டது. அதற்குத் துணை நின்ற உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

பாஸ்டனிலுள்ள கென்னடி நூலகத்தார் 1961ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையின் வரைவுகளை இணையத்தில் எவரும் காணும்படி வைத்திருக்கிறார்கள். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் பிறந்து, 1953இல் தம் 24ஆம் வயதில் கென்னடியின் அலுவலகத்தில் சேர்ந்த இளம் வழக்கறிஞர், தலைவரின் மூச்சும் நடையும் அறிந்து எழுதுபவராக வளர்ந்ததை அவ்வரைவுகளின் துணையோடுதான் எழுதினேன். 1963 ஜூன் 10 அன்று அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் கென்னடி ஆற்றிய அமைதி உரையை எனக்காக உரக்க வாசித்துக் காட்டிய பேராசிரியர் ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் பெரிய கடன் நியூயார்க் நண்பருக்கு. வேலை முடிந்த மாலைகளில் நூலகம் சென்று, 1970ஆம் ஆண்டு நாளிதழ்களின் நுண்படச் சுருள்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து அனுப்பியவர் அவர். ஜான் கென்னடியின் தம்பியும் நியூயார்க் மாநிலத்தின் செனட் உறுப்பினருமான ராபர்ட் கென்னடி 1968இல் கொல்லப்பட்டபின் அவரது இடத்தில் சார்லஸ் குடெல் நியமிக்கப்பட்டதையும், 1970இல் அந்த இடத்துக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் நால்வர் மோதியதையும், தொலைக்காட்சி விளம்பரங்களில் பெரும்பணம் செலவிட்ட ரிச்சர்ட் ஆட்டிங்கர் வெல்ல, சோரன்சன் மூன்றாம் இடத்தில் நின்றதையும் அக்குறிப்புகளைக் கொண்டே கோவையாகச் சொல்ல முடிந்தது. நல்ல எழுத்தாளருக்கு மேடைப்பேச்சு வராததே தோல்விக்குக் காரணம் என்ற எளிய விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. முந்தைய ஆண்டில், கென்னடி சகோதரர்களில் இளையவரான எட்வர்ட் கென்னடி ஓட்டிய கார் பாலத்திலிருந்து நீரில் விழுந்து உடன் சென்ற பெண் இறந்த சாப்பாக்விடிக் விபத்துக்குப் பின், எட்வர்ட் ஆற்றிய தொலைக்காட்சி உரையை உருவாக்குவதில் பங்கேற்றதும் சோரன்சனுக்குப் பாதகமாயிற்று என்றே கருதுகிறேன். பிறருக்காக எழுதிய சொற்களின் புகழைத் தமதென்று கோராதவர், அவற்றுக்கான பழியை மட்டும் தம் பெயரில் சுமக்க நேர்ந்ததை எழுதும்போது மனம் கனத்தது. அமெரிக்க உட்கட்சித் தேர்தல் முறையைப் பொறுமையுடன் விளக்கிய வழக்கறிஞர் அம்மையாருக்கும் என் நன்றி உரியது.

2001இல் பக்கவாதம் தாக்கிப் பார்வையைப் பெரிதும் இழந்த சோரன்சன், 2008இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பார்வையற்ற ஆசிரிய நண்பர் ஒருவர், பத்திகளை மனத்திலேயே அடுக்கி, பிறரை வாசிக்கச் சொல்லித் திருத்தும் தம் பழக்கத்தை விரிவாகச் சொன்னார். பார்வையின்றி எழுதுவதைச் சொல்லும் கட்டுரையின் இறுதிப் பகுதி அந்நண்பரின் கொடை.

கட்டுரையின் படிகளை இவ்வாரமே உங்கள் முகவரிகளுக்கு அனுப்புகிறேன். ஆசிரிய நண்பருக்கு ஒலிப்பதிவும் உடன் வரும். திருத்தங்கள் இருப்பின் தயங்காமல் எழுதுங்கள்.

என்றும் நன்றியுடன்,
கட்டுரையாசிரியர்