“பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?”

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் ஃபோனில் கேட்டீர்கள்: “பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்கீங்க, யாரு என்ன சொன்னா? அப்புறம் எதுக்கும்மா கல்யாணம், சட்டம்னு?” அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் துணையான இவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்ததை உங்களுக்கு மறுநாள்தான் சொன்னோம். முந்தைய ராத்திரி ஒன்றரை மணிக்கு நர்ஸ் ஒப்புதல் படிவத்தை நீட்டி, “பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டார். விசித்திரமான கேள்வி அது. உறவையும் அதே வார்த்தையில் கேட்கிறோம், தேவையையும் அதே வார்த்தையில்தான் கேட்கிறோம். “அக்கா” என்றேன். அவர் இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். “இனிஷியல் வேறயா இருக்கே?” “பெரியம்மா பொண்ணு.” பதினொரு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள் அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றுவிட்ட தங்கை ஆனாள். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. ஆபரேஷனை நினைத்து இல்லை. பொய் பிடிபட்டால் வெளியே நிறுத்திவிடுவார்களோ என்றுதான்.

எங்களை யாரும் பிடித்து உள்ளே போட முடியாது என்பது உண்மை. ஒரே பாலினத்தவர் உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள். எங்களைப் போன்றவர்களின் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவருவது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டார்கள். ஆக, நாங்கள் குற்றவாளிகளும் இல்லை, குடும்பமும் இல்லை.

2024இல் மத்திய அரசு சில விளக்கங்கள் கொடுத்தது. கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை, துணையை நாமினியாகப் போடலாம், ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகச் சேரலாம். வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் பணத்தைக் கையில் வாங்கும் நாமினி வேறு, அதற்கு உரிமையுள்ள வாரிசு வேறு என்பது வங்கியில் முப்பது வருஷம் இருந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பா அம்மா இல்லாத இவளுக்குச் சட்டப்படி வாரிசு, பத்து வருஷமாக இவளிடம் பேசாத அண்ணன். உயில் எழுதினால் வீட்டைக் காப்பாற்றலாம், குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுத முடியுமா? சேர்ந்து தத்தெடுக்கவும் வழியில்லை. ஒருத்தி எடுத்தால் இன்னொருத்தி அந்தக் குழந்தைக்குச் சட்டத்தில் யாரோ.

சரி, தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா பாட்டிக்கு 1959இல் சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, அக்னி இல்லை, மாலை மாற்றிக்கொண்டதோடு சரி. அந்த மாதிரித் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில்தான் சட்டத்தைத் திருத்தி, முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கினார்கள். நீங்கள் பிறந்தது 1962. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்ட வருஷங்களில் உங்களைப் பெற்றவர்கள் சட்டத்தின் கண்ணில் புருஷன் பெண்டாட்டி இல்லை. “ஒண்ணாத்தானே இருக்கீங்க, சட்டம் எதுக்கு?” என்று தாத்தாவிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? (அவர் வாயில் வந்திருக்கக்கூடியதை எழுத முடியாது, விடுங்கள்.) மாலையோடு அவர்கள் நிற்கும் ஃபோட்டோ இன்றும் உங்கள் ஹாலில்தானே மாட்டியிருக்கிறது?

2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை என்று சொன்னது. பெண் துணையோடு வாழ விரும்பிய ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றவர்கள் வீட்டில் பிடித்து வைத்திருந்த வழக்கு அது. அந்த வரியைப் படித்துக் காட்டியபோது இவள் கேட்டாள், “இதை ஜெராக்ஸ் எடுத்து ஆஸ்பத்திரியில காட்டலாமா?” கிண்டல்தான். ஆனால் பாதிதான் கிண்டல்.

இப்போதைக்கு எங்கள் கையில் இருப்பது உயில்தான். இருவரும் ஆளுக்கொன்று எழுதிவிட்டோம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். இவளுடைய ஆபீஸ் தோழி ஒருத்தி சம்மதித்துவிட்டாள். இன்னொருவராக நீங்கள் வருவீர்களா, சித்தப்பா? அடுத்த வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு. ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

உங்கள் மகள்