மணியின் வயதை லேசர் சொல்வதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் பேரப்பிள்ளைகளுடன் ஓர் அரும்பொருளகத்துக்குச் சென்றிருந்தபோது, பழங்காலக் கண்ணாடிப் பாசிமணிகளைக் காட்டிய வழிகாட்டி, லேசரைப் பாய்ச்சினால் அவற்றின் வயதும் பிறந்த ஊரும் தெரிந்துவிடும் என்றார். வயதைப் பற்றி அவர் சொன்னது தவறு; ஊரைப் பற்றிச் சொன்னதும் முழுச் சரியன்று.

இம்முறையில் லேசர், மணியின்மேல் தலைமுடிப் பருமனே உள்ள குழியைப் பறிக்கும். அங்கிருந்து எழும் நுண்துகள்களை ஹீலியம் அல்லது ஆர்கான் வாயு ஏந்திச் சென்று, 6,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற வாயுவில்) சேர்க்கும். அதில் அயனிகளாகும் அணுக்களை நிறை நிறமாலைமானி எடைவாரியாகப் பிரித்து எண்ணும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள தனிமம்கூட இதில் பிடிபடும். பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த மணியின் மேற்பரப்பு அரித்துப்போயிருக்கும் என்பதால், தொடக்க விநாடிகளில் வரும் அளவுகளைத் தள்ளிவிட்டு, உள்ளே கெடாமல் இருக்கும் கண்ணாடியின் அளவுகளையே எடுத்துக்கொள்வர். சேர்மானம் முன்பே தெரிந்த கண்ணாடித் துண்டு ஒன்றையும் அதே லேசரால் சுட்டு ஒப்பிடாவிட்டால், கிடைக்கும் எண்களை நம்புவதற்கில்லை.

உருக்கிய மணலில் இயல்பாகவே கலந்திருந்த யுரேனியம், பேரியம் போன்றவற்றின் அளவுகள், தென்னிந்திய, இலங்கைக் கண்ணாடியை மேற்கு இந்தியக் கண்ணாடியிலிருந்து பிரித்தறிய உதவுகின்றன. ஆயினும் தெரியவருவது கண்ணாடியை உருக்கிய வட்டாரமே. பாளமாகக் கப்பலேறிய கண்ணாடியை வேறொரு கரையில் இழுத்து மணியாக்கியிருக்கலாம். புதுச்சேரி அருகே பாசிமணி செய்த பழந்துறைமுகமான அரிக்கமேட்டின் பெயரை எல்லா மணிக்கும் சூட்டிப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டுதான்.

வயதுக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. பாறைகளில் காணப்படும் சிர்க்கான் என்ற தாதுப் படிகத்தில் யுரேனியமும் ஈயமும் என்ன விகிதத்தில் உள்ளன என்பதை இதே கருவியால் அளந்து பாறையின் வயதைக் கணக்கிடுவதுண்டு. உருக்கிக் கலந்த கண்ணாடிக்கு அக்கணக்கு பொருந்தாது. சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பொருள்களை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அறிந்தது, அவை கிடந்த மண்ணடுக்கையும் உடன் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளையும் கொண்டுதான்.

ஆகவே காட்சிப்பேழைகளின் தமிழ்க் குறிப்புகளில், கண்ணாடியின் சேர்மானம் எந்த வட்டாரத்தோடு ஒத்துப்போகிறது என்பதையும், காலம் எதைக்கொண்டு கணிக்கப்பட்டது என்பதையும் தனித்தனியே எழுதுமாறு அரும்பொருளகத்தாரை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
தோ பாயோ