திருவிழாவில் பச்சை குத்தும் கடைகள்: நகராட்சி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ரத்த வங்கியில் வேலை பார்ப்பவள். தேர்த் திருவிழா முடிந்து சில மாதங்களில் நாங்கள் நடத்தும் ரத்த தான முகாம்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். திடகாத்திரமான தம்பி ஒருவர் சட்டைக் கையை மடிப்பார். முழங்கைக்குக் கீழே புதுசாக ஒரு வேல், இல்லாவிட்டால் அம்மா பெயர். "எப்ப குத்தினீங்க?" "திருவிழாவுல." பச்சை குத்தி 12 மாதம் ஆகாமல் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி, அதனால் அனுப்பிவிடுவோம். "ஊசி புதுசுதான் மேடம்" என்று கோபித்துக்கொண்டு போவார்.

சரி, ஊசி புதுசாகவே இருக்கட்டும். அந்தக் கடைகளில் நின்று பார்த்திருக்கிறேன். மை ஊற்றிய மூடி ஒன்றேதான். முந்தைய ஆளுக்குத் தொட்டதில்தான் அடுத்தவருக்கும் தொடுகிறார்கள். ரத்தம் துடைத்த துணியை ஒரு மக்குத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி துடைக்கிறார்கள். கையுறை உண்டு, அதே கையுறையோடுதான் சில்லறையும் வாங்குகிறார்கள். ரத்தத்தின் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் தன்மையோடு இருக்கும். கொடியேற்றத்தன்று சிந்திய சொட்டு தேரன்றைக்கும் ஆபத்துதான். இதற்கான தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வந்தது 2011-ல். அங்கே வரிசையில் நிற்பவர்களில் பலர் அதற்கு முன்பே பிறந்தவர்கள்.

மையும் லேசுப்பட்டதல்ல. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 2011-12-ல் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. காசநோய்க் கிருமியின் பங்காளி ஒன்று அதற்குக் காரணம். அவர் பயன்படுத்தியது கம்பெனியே நீர்த்து பாட்டிலில் அடைத்த சாம்பல் நிற மை. நம் ஊர்க் கடையில் நீர்ப்பது குழாய்த் தண்ணீரில்.

பஜ்ஜிக் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார். பொரித்த எண்ணெயில், அது திரும்பத் திரும்பக் காயும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. அடுத்த கடையில் தோலுக்குள் ஊசி போகிறது, அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு பச்சை குத்தும் கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. அங்கே ஸ்டைலுக்காக வாடிக்கையாளர்களின் நாக்கையே பிளந்திருந்தார்கள். நாக்குக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டுமா?

கடைகளைத் தடை செய்யச் சொல்லவில்லை. செய்தால் கோயிலுக்குப் பின்சந்தில் உட்கார்ந்து குத்துவார்கள். அவர்களுக்கும் அந்தப் பத்து நாள் பிழைப்பு. டெட்டாலில் முக்குவதும் வெந்நீரில் போடுவதும் போதாது. அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடமாவது வைத்தால்தான் கருவி சுத்தம், அதைக் கொட்டகைக்குள் எதிர்பார்க்க முடியாது. எனவே ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியும் அதன் பிடியும் வாடிக்கையாளர் கண் முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும். ஆளுக்கொரு மூடியில் மை ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இதற்குச் சம்மதிப்பவருக்கே இடம் என்று கடை இடத்துக்கான ஏல விதிகளிலேயே எழுதுங்கள்.

அப்புறம், ஊசி போட ஒரு கெட்டியான டப்பாவைக் கடைக்குக் கடை நீங்களே கொடுத்து நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது அந்த ஊசிகள் கரும்புச் சக்கையோடும் பேப்பர் தட்டோடும் ஒரே குவியலில் கிடக்கின்றன. தேர் நிலைக்கு வந்த மறுநாள் விடிகாலையில் அதைக் கையால் அள்ளுபவர்கள் உங்கள் தூய்மைப் பணியாளர்கள்.

இப்படிக்கு,
ரத்த வங்கி ஊழியர் ஒருவர்