மலையடிவாரத்தில் வழி சொன்ன எல்லோருக்கும்

வாடிப்பட்டி, குட்லாடம்பட்டி, பாலமேடு, நத்தம், கள்ளந்திரி, அழகர்கோவில் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

சிறுமலை அடிவாரத்தில் தொடங்கி, நத்தம் பக்கத்துக் காட்டோரங்களைச் சுற்றி, அழகர்மலை அடிவாரத்தில் முடிந்த மலைச் சைக்கிள் நெடுந்தூரப் போட்டியை நானும் என் மச்சானும் ஜோடியாக ஓட்டி முடித்துவிட்டோம். கெடு நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. வந்து சேர்ந்தோம். இந்த மாதிரிப் போட்டியில் மிதிப்பது பாதி வேலை, வழி பிடிப்பது மீதி. அந்த மீதி வேலையில் கைகொடுத்தவர்களில் பல பேரிடம் நின்று நன்றி சொல்லக்கூட நேரமில்லாமல் கிளம்பினோம். அதனால்தான் இந்த மடல்.

போட்டி எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்கள் உதவியின் மதிப்பு மற்றவர்களுக்கும் புரியும். பாதை நெடுக அம்புக்குறி கிடையாது, ரிப்பன் கிடையாது. ஆடு மேயும் காட்டில் ரிப்பன் கட்டினால் அது அரை நாள் நிற்பதே சந்தேகம். தவிர, காட்டோரத்தில் பிளாஸ்டிக் எதுவும் கட்டக் கூடாது என்பதும் நிபந்தனை. ஹேண்டில்பாரில் உள்ள ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொள்ள, பாதை பதிந்த ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பு, திருப்பங்களைக் குறித்த ஒரு தாள், ஆங்காங்கே முத்திரை வாங்க வேண்டிய சாவடிகள், அவ்வளவுதான் தருவார்கள். அப்புறம் உங்கள் பாடு.

முதல் நன்றி எங்களுக்கு வரைபடம் படிக்கக் கற்றுத்தந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாயங்கால நேரங்களில் அவர் வீட்டுத் திண்ணையில் சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட்டை விரித்துப்போட்டுப் பாடம் நடக்கும். 1:50,000 அளவுத் தாள். அதில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துப் போட்டதுதான் உயரக்கோடு. ஒரு உயரக்கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் ஏற்றம். கோடுகள் நெருக்கமாக இருந்தால் இறங்கித் தள்ள வேண்டிய இடம், விலகி இருந்தால் மிதித்துவிடலாம். கோடுகள் வளைந்து மேட்டுப் பக்கம் கூராக நீண்டால் அங்கே ஓடை. பள்ளத்துப் பக்கம் நீண்டால் மலையின் முதுகு. இதையெல்லாம் விரலால் தடவித் தடவிக் காட்டுவார்.

கருவியை அவர் ஒருபோதும் குறை சொன்னதில்லை. அது எங்கே தடுமாறும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். பாறைச் சரிவுகளுக்கு நடுவிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் செயற்கைக்கோள் சமிக்ஞை நேராக வராது, பாறையில் பட்டுத் திரும்பி வரும். அப்போது கருவி நம்மைப் பக்கத்துச் சரிவில் நிற்பதாகக் காட்டிவிடும். இரண்டு பாதைகள் ஒட்டி ஒட்டி ஓடும் இடத்தில் அந்தச் சில பத்து மீட்டர் போதும், பாதை மாறிவிடும். அதனால் ஒவ்வொரு பிரிவிலும் நின்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளச் சொன்னார். வடக்கு எங்கே, மழைத்தண்ணீர் எங்கிட்டு ஓடும், எதிரே தெரிவது என்ன மலை. இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் நாங்கள் எந்தப் பிரிவையும் தாண்டவில்லை. நன்றி ஐயா.

அடுத்து வனக்காவலர்களுக்கும், வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் அந்தத் தம்பிகளுக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீக்கு அப்புறம் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டுப் பக்கம் கூட்டமாக எதைச் செய்வதானாலும் கேள்விகள் அதிகம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அனுமதி கிடைத்த சிறு தொலைவுக்கு, பகல் வெளிச்சத்தில் மட்டும், ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் என்று நின்றீர்கள்.

குட்லாடம்பட்டியைத் தாண்டி ஒரு சரிவில் எங்களைக் கைகாட்டி நிறுத்திய அண்ணனை மறக்க முடியாது. ஏன் என்று முதலில் புரியவில்லை. வாயில் விரலை வைத்துவிட்டு, கீழே புதர்ப் பக்கம் கண்ணால் காட்டினார். காட்டுமாடுகள். முன்னால் ஒரு கிடாரி, பின்னால் கன்றோடு இரண்டு, கடைசியாகக் காளை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல் இருந்த கால்கள்தான் முதலில் கண்ணில் பட்டன, அதற்கப்புறம்தான் அந்தக் கறுத்த உடம்பின் அளவு தெரிந்தது. வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை நெருங்கும். அவை சாவகாசமாகப் பாதையைக் கடந்து போகும்வரை யாரும் அசையவில்லை. அப்புறம் அவர் சொன்னார்: "மோட்டார் வண்டின்னா சத்தம் கேட்டு அதுவே ஒதுங்கிரும் தம்பி. சைக்கிள் சத்தமில்லாம வரும்ல, அதுதான் ஆபத்து. பக்கத்துல வந்து திடீர்னு பார்த்தா மிரண்டு முட்டிரும். வளைவு வந்தா மணியடிச்சுக்கிட்டே போங்க." அதற்கப்புறம் எங்கள் மணி ஓயவே இல்லை. அங்கே நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிட்ட போட்டி நடத்துநர்களுக்கும் நன்றி. அது நியாயமான முடிவு, எல்லா ஜோடிகளுக்கும் ஒரே மாதிரி கழித்தார்கள்.

பாலமேட்டுச் சைக்கிள் கடை அண்ணே, உங்களுக்குத் தனியாக. சாத்தையாறு அணைப் பக்கம் கூரான கல் ஒன்று மச்சானுடைய பின்டயரின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் பால் போன்ற அடைப்புத் திரவம் சின்ன முள்துளையை அடைக்கும், இவ்வளவு பெரிய கிழிசலை அடைக்காது. தள்ளிக்கொண்டு வந்து உங்கள் கடை வாசலில் நின்றோம். இந்த மாதிரி டயர் உங்கள் கடைக்கு அடிக்கடி வருவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். ஆனாலும் ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய டயரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைச் சீவி, கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்து, எங்களிடம் இருந்த டியூபைப் போட்டீர்கள்.

டியூபை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் நீங்கள் செய்த வேலைதான் எனக்குப் பாடம். ஒரு பழைய வேட்டித் துணியைச் சுருட்டி டயரின் உள்சுவர் முழுக்க ஒரு சுற்றுத் தேய்த்தீர்கள். நூல் எங்கெல்லாம் சிக்கியதோ அங்கெல்லாம் ஒரு முள் முனை இருந்தது. சீமைக்கருவேல முள், பால் அடைத்திருந்ததால் அதுவரை வெளியே தெரியாமல் இருந்தவை. குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பலகை மேல் வரிசையாக வைத்தீர்கள். அவற்றை விட்டிருந்தால் டியூப் அடுத்த ஊரைப் பார்த்திருக்காது. காசு கொடுத்தபோது, "போட்டிக்குப் போறவன் கையில காசு வாங்குனா நல்லாவா இருக்கும், போங்கப்பா" என்றீர்கள். உங்கள் காற்றடிக்கும் பம்பையும் கொடுத்தனுப்பினீர்கள். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பாலமேட்டைத் தாண்டி நத்தம் பக்கம் ஏறும் அடிவாரத்தில் புளி உலுக்க வந்திருந்த அம்மாக்களுக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய. அந்த இடத்தில் வரைபடத்தில் மூன்று கோடுகள் பிரிந்தன. நடுக்கோடு அகலமாக, நேராக, பார்த்தாலே போகச் சொல்வது போல இருந்தது. சைக்கிளைத் திருப்பியும்விட்டோம். அப்போதுதான் மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆத்தா நிமிர்ந்து பார்த்து, "எங்கிட்டுப்பா போறீக? அது பாதை இல்ல, ஓடை" என்றார்.

போய்ப் பார்த்தால் காய்ந்த மணல் ஓடை. மேலே இருந்து எடுத்த படத்தில் வறண்ட ஓடையும் மண் பாதையும் ஒரே வெளுப்பாகத்தான் தெரியும். படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது இயல்பு. தரையில் நடந்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

ஆத்தா சும்மா கைகாட்டிவிட்டு விடவில்லை. கையிலிருந்த கம்பால் புழுதியைச் சமன் செய்து, அதில் படம் போட்டார். இரண்டு ஓடைக்கு இரண்டு கோடு. கருப்பு கோயிலுக்கு ஒரு கல். ஒத்தைப் பனைக்கு ஒரு குச்சியை நட்டார். "மொத ஓடையில எறங்கிராதீக, மணலு சக்கரத்த வாங்கிரும், மேல போகப் போக வெறும் பாறை. ரெண்டாவது ஓடைய வெட்டிக் கடந்து, பனைக்குக் கிழக்கால ஒதுங்குனா வண்டிப்பாதை. புல்லு மூடிக் கெடக்கும், பயப்படாம போங்க." சொன்னபடியே எல்லாம் இருந்தது. புல் மூடியிருந்ததுகூட. அந்த ஒரு வரி இல்லையென்றால் இடுப்பளவு புல்லைப் பார்த்ததும் பாதை முடிந்துவிட்டது என்று திரும்பியிருப்போம். கிளம்பும்போது இரண்டு கை நிறைய செங்காய்ப் புளியைச் சட்டைப் பையில் திணித்துவிட்ட அக்காவுக்கும் நன்றி. வாய் உலர்ந்த ஏற்றத்தில் அதைச் சப்பிக்கொண்டே போனோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழியில் நாங்கள் கேட்ட எவரும் வலது, இடது என்று சொல்லவில்லை. கிழக்கால, மேற்கால, தெக்கால, வடக்கால என்றுதான் சொன்னார்கள். சுற்றிச் சுற்றி வளையும் காட்டுப் பாதையில் நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோமோ அதற்கேற்ப வலது இடது மாறும், கிழக்கு மாறாது. ஹேண்டில்பாரில் ஒரு காம்பஸ் கட்டியிருந்தோம். நீங்கள் சொன்னதை அப்படியே முள்ளோடு பொருத்திப் பார்த்துக்கொண்டு போக முடிந்தது. ஆடு மேய்க்கும் தம்பி ஒருவன், பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது, "வடமேற்கால பொட்டல்ல ஏறுங்க" என்று சொன்ன துல்லியத்தை மச்சான் இன்றுவரை சொல்லிச் சொல்லி வியக்கிறார்.

நத்தம் நான்குவழிச் சாலையைக் கடக்கும் இடத்தில் டார்ச் லைட்டோடு நின்று வண்டிகளை நிறுத்திய ஊர் இளைஞர்களுக்கும், செயின் அறுந்து நின்றபோது தங்கள் பையிலிருந்து இணைப்புக் கொக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு எங்களை முந்திப்போன திண்டுக்கல் ஜோடிக்கும் நன்றி. தம்பிகளா, முந்திப்போக உங்களுக்கு முழுத் தகுதி உண்டு.

கடைசிப் பகுதி இருட்டில். அழகர்மலையின் மேற்குச் சரிவையொட்டி இறங்கும்போது கருவியில் சார்ஜ் தீரும் நிலை, தோப்புகளுக்கு நடுவே ஒன்றைப் போலவே இன்னொரு மண்பாதை. மாந்தோப்புக் காவலுக்குக் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஐயா எழுந்து வந்தார். "மலைய முதுகுக்கு வச்சுக்கிட்டுத் தெக்க எறங்குங்க தம்பி. எந்தப் பாதையில எறங்குனாலும் பெரியாத்து வாய்க்கால்லதான் போய் முட்டும். கரையைப் பிடிச்சுக் கிழக்கால போனா கள்ளந்திரி. அங்கேயிருந்து அழகர்கோவிலுக்கு ரோடுதான்." இதற்கு மேல் எந்தக் கருவி வேண்டும்?

பெரியாறு பிரதானக் கால்வாயைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றிரவுதான் அதை வழியாகப் பார்த்தேன். 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, மலையடிவாரத்தையொட்டியே மேலூர் நோக்கிப் போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை மட்டும் 45,041 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி இருக்கிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக மிக மெல்லிய சரிவில், மேடுகளைச் சுற்றி வளைத்து வெட்டியிருக்கிறார்கள். சர்வேயர் ஐயா தாளில் காட்டிய உயரக்கோட்டை ஏறக்குறைய தரையில் பார்த்த மாதிரி. அதனால் கரையில் ஏற்றமே இல்லை. நாள் முழுக்க ஏறி இறங்கிய கால்களுக்கு அதைவிட நல்ல வழி யாரும் சொல்லியிருக்க முடியாது. பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடியே கள்ளந்திரிப் பாலம் வரை பேசாமல் மிதித்தோம்.

வீட்டுக்கு: புளியோதரைப் பொட்டலம், கருப்பட்டி, உப்புப் போட்ட மோர், சிறுமலை வாழைப்பழம் என்று சாவடிக்குச் சாவடி கொண்டுவந்து நின்ற அத்தைக்கும் என் மனைவிக்கும் நன்றி. மற்றதை நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பக்கத்து வண்டிப்பாதைகளைச் சம்பளமில்லாமல் வரைந்து வைத்திருக்கும் முகம் தெரியாத நண்பர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் போன பாதையில் பெரும்பகுதி நீங்கள் வரைந்தது. அந்த நடுக்கோட்டை மட்டும் ஓடை என்று திருத்தியிருக்கிறோம். இரண்டாவது ஓடைக் கடவையும் சேர்த்திருக்கிறோம். காப்புக்காட்டுக்குள் அனுமதியோடு போன பகுதியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அதைப் பார்த்து யாரும் அனுமதி இல்லாமல் உள்ளே போய்விடக் கூடாது. மாசி, பங்குனி தீக்காலம். அந்தப் பக்கம் சைக்கிளில் போக நினைக்கும் நண்பர்கள் காட்டோரத்து ஊர்ப் பாதைகளோடு நின்றுகொள்ளுங்கள்.

பாலமேட்டு அண்ணே, பம்பை இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவருகிறேன். மச்சானும் வருகிறார். அப்படியே புளியந்தோப்புப் பக்கம் போய் ஆத்தாவையும் பார்த்துவிட்டு வர வேண்டும். அவர்கள் எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரிந்தால் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு சைக்கிள்காரன், மச்சானோடு சேர்ந்து